ஒன்பதாவது பெயர்: ருஸ்லான் சலேயின் தொடக்க ஆண்டுகள்

1996-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் நாள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தேசிய ஹாக்கி லீக்கின் புதுவீரர் தேர்வு நடைபெற்றது. உலகின் மிகப் பெரிய ஐஸ் ஹாக்கித் தொடரான அந்த லீக்கில் அப்போது 26 அணிகள் இருந்தன. ஆண்டுக்கொரு முறை அவை ஓரிடத்தில் கூடி, முறைவைத்து, இளம் வீரர்களைப் பெயர் சொல்லி அழைத்துத் தமக்குரியவர்களாக்கிக்கொள்வது வழக்கம். முதற்சுற்றில் அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயதினர். அன்று ஒன்பதாவதாக ஒலித்த பெயர் ருஸ்லான் சலேய். ஊர் மின்ஸ்க், நாடு பெலாரஸ், வயது இருபத்தொன்று.

1993, 1994, 1995 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்தப் பெயரை எவரும் அழைக்கவில்லை. ஒவ்வோராண்டும் இருநூறு பேருக்கு மேல் தேர்வானார்கள். அந்த இருநூறில் ஒருவராகக்கூட அவர் இல்லை. அப்படியிருந்த இளைஞர் ஒரே ஆண்டில் ஒன்பதாம் இடத்துக்கு வந்தது எப்படி? வளர்ச்சி என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அந்த மூன்றாண்டுத் தாமதத்துக்குள் ஒரு பேரரசின் முடிவும் ஒரு நாட்டின் பிறப்பும் அடங்கியிருக்கின்றன. அதனாலேயே இந்தத் தொடக்க ஆண்டுகள் விளையாட்டுச் செய்தியின் எல்லையைக் கடந்து வரலாற்றுக்குள் வந்துவிடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

*

ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 2015-இல் நோபல் பரிசு பெற்ற பின்னர், பெலாரஸ் என்றதும் செர்நோபிலும் சோவியத் சிதைவும் இலக்கிய வாசகர்களின் நினைவுக்கு வருகின்றன. சலேயின் தலைமுறை அந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தது. அவர் பிறந்தது 1974 நவம்பர் 2-ஆம் நாள், மின்ஸ்க் நகரில். செர்நோபில் அணு உலை வெடித்த 1986 ஏப்ரலில் அவருக்கு வயது பதினொன்று.

அந்த வயதுச் சிறுவனுக்கு அன்றைய சோவியத் ஒன்றியத்தில் ஐஸ் ஹாக்கி என்பது நன்கு வகுக்கப்பட்ட ஓர் ஏணி. 1954-இல் முதன்முதலாக உலகச் சாம்பியன் போட்டியில் கலந்துகொண்டபோதே கனடாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற நாடு அது. 1956 முதல் 1988 வரை ஏழு ஒலிம்பிக் தங்கங்களை அது வென்றது. இந்த வெற்றிகளுக்குப் பின்னால் பயிற்சியாளர் அனதோலி தராசோவின் சிந்தனை இருந்தது. குளிர்காலத்தில் குடியிருப்புகளின் முற்றங்களில் நீரூற்றி உறையவைத்து விளையாடும் பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க 1964-இல் ‘தங்க வட்டு’ என்னும் சிறுவர் போட்டி தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவரும் அவரே.

ஏணியின் கீழ்ப்படிகள் நாடெங்கும் பரவியிருந்தன. மேற்படி மட்டும் மாஸ்கோவில் இருந்தது. படை அணியான சி.எஸ்.கே.ஏ., கட்டாய இராணுவச் சேவை என்னும் வழியாக, எந்தக் குடியரசின் சிறந்த வீரரையும் தன்னிடம் வரவழைத்துக்கொள்ள முடிந்தது. 1977 முதல் 1989 வரை பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவ்வணியே சோவியத் சாம்பியனாக இருந்ததில் வியப்பில்லை. மின்ஸ்க்கின் தினமோ அணி இந்த அமைப்பில் ஒரு நாற்றங்கால் மட்டுமே. நாற்று நன்றாக வளர்ந்தால் பிடுங்கி நடப்படும் வயல் வேறெங்கோ இருந்தது.

இதற்கு ஒரு சான்று செர்கேய் பாவுதின். பெலாரஸின் ரகச்சோவ் ஊரில் 1967-இல் பிறந்தவர், தடுப்பாட்டக்காரர். அவர் மாஸ்கோ தினமோவுக்கு ஆடினார். ஒன்றியம் கலைந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத 1992 பிப்ரவரியில், பழைய குடியரசுகளின் வீரர்கள் ஒலிம்பிக் கொடியின்கீழ் ‘ஒருங்கிணைந்த அணி’யாக ஆடித் தங்கம் வென்றபோது அதில் பாவுதினும் இருந்தார். அதே ஆண்டு ஜூனில் வினிபெக் அணி அவரைப் பதினேழாவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. பெலாரஸில் பிறந்த அவரை உலகம் ரஷ்ய வீரராகவே அறிந்தது. அதில் எவருடைய பிழையும் இல்லை. அவர் ஏணியில் ஏறிய காலத்தில் பெலாரஸ் என்னும் பெயரில் ஓர் அணியே கிடையாது.

சலேய் அவருக்கு ஏழு ஆண்டுகள் இளையவர். அந்த ஏழு ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது.

*

1991 டிசம்பர் 8-ஆம் நாள், பெலாரஸின் மேற்கெல்லையில் உள்ள பெலவேழா காட்டின் விஸ்குலி மாளிகையில், ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் ஆகிய மூன்று குடியரசுகளின் தலைவர்கள் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டனர். சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்பது அதன் பொருள். சலேய் பதினேழு வயது நிறைந்து அப்போது முப்பத்தாறு நாட்களே ஆகியிருந்தன.

ஒரு தடுப்பாட்டக்காரரின் வாழ்வில் பதினேழு முதல் இருபது வரையிலான பருவம் தீர்மானமானது. தாக்குதல் ஆட்டக்காரரின் திறமை விரைவில் கண்ணுக்குத் தெரியும். கோல்கள் எண்ணிக்கையில் வரும். தடுப்பாட்டக்காரரின் திறமையோ நிகழாமற்போன கோல்களில் இருக்கிறது. அதை உணர்வதற்கு அனுபவமுள்ள கண்கள் வேண்டும். வலுவான எதிரணிகளோடு நீண்ட காலம் ஆடவும் வேண்டும். அந்தப் பருவத்தில்தான் சலேயின் காலடியிலிருந்து ஏணி உருவப்பட்டது. மாஸ்கோ இப்போது அயல்நாட்டுத் தலைநகர். சோவியத் இளையோர் அணி இல்லை. புதிய பெலாரஸின் முதல் ஒரு ரூபிள் நோட்டில் முயலின் படம் இருந்தது; மக்கள் தங்கள் நாணயத்தையே ‘முயற்குட்டி’ என்று கேலியாக அழைத்தார்கள். அந்த முயல் மதிப்பிழந்து ஓடிய வேகத்தில் விளையாட்டுச் சங்கங்களின் கருவூலங்களும் கரைந்தன.

1992-93 பருவத்தில் சலேய் மின்ஸ்க் தினமோவின் முதல் அணியில் சில ஆட்டங்களில் இறங்கினார். பின்னர் டிவாலி என்னும் பெயருடன் ஆடிய மின்ஸ்க் அணியில் 1995 வரை இருந்தார். பழைய சோவியத் சங்கங்கள் பல சேர்ந்து நடத்திய புதிய தொடரில் அந்த அணி ஆடியது. உள்நாட்டில் பெலாரஸின் முதல் சாம்பியன் பட்டங்களையும் வென்றது. மூத்த வீரர்கள் பிழைப்புத் தேடி மேற்கே சென்றுகொண்டிருந்த காலம் அது. இடங்கள் காலியாயின. பழைய அமைப்பு தொடர்ந்திருந்தால் ஓரத்து இருக்கையில் காத்திருக்க வேண்டிய இளைஞர்கள் களத்துக்குள் வந்தார்கள். சிதைவு ஒரு கதவை மூடியபோது அறியாமலேயே இன்னொன்றைத் திறந்துவிட்டது என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

தேசிய அணியின் நிலை இன்னும் சுவையானது. சோவியத் ஒன்றியத்தின் இடத்தை உலக ஹாக்கியில் ரஷ்யா பெற்றுக்கொண்டது. ஏனைய குடியரசுகள் புதியவர்களாகக் கருதப்பட்டு அடித்தட்டிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. 1992-இல் பன்னாட்டுச் சம்மேளனத்தில் உறுப்பினரான பெலாரஸ், மூன்றாம் அடுக்கான ‘சி’ பிரிவில் சேர்வதற்கே தகுதிப்போட்டி ஆட நேர்ந்தது. உலகை வென்ற ஆட்டமரபில் பயின்றவர்கள், அந்த விளையாட்டு வேரூன்றாத நாடுகளுடன் சேர்த்து வைக்கப்பட்டார்கள். 1995-இல் ‘சி’ பிரிவையும் 1997-இல் ‘பி’ பிரிவையும் வென்று, 1998-இல்தான் முதல் அடுக்கை எட்டினார்கள். சலேயின் தொடக்க ஆண்டுகள் இந்த ஏற்றத்தின் ஆண்டுகளோடு ஏறத்தாழ ஒன்றிக் கிடக்கின்றன. வட அமெரிக்க அணிகளின் தேர்வாளர்கள் ‘சி’ பிரிவு ஆட்டங்களில் எதிர்கால நட்சத்திரங்களைத் தேடுவது அரிது. மூன்று தேர்வுகளில் அவர் பெயர் ஒலிக்காமற்போனதற்கு இது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

*

கண்ணில் படாதவன் கண்ணில் படும் இடத்துக்குச் செல்லவேண்டும். 1995-இல் சலேய் சென்றது பாலைவனத்துக்கு. லாஸ் வேகாஸ் நகரம். அணியின் பெயர் தண்டர். கோடையில் நாற்பது பாகைக்கு மேல் கொதிக்கும் நெவாடா பாலையில் பனித்தளம் அமைத்து ஹாக்கி நடத்துவது அன்று பலருக்கு வேடிக்கையாக இருந்தது. தண்டர் அணி ஆடிய இன்டர்நேஷனல் ஹாக்கி லீக், தேசிய லீக்குக்கு அடுத்த நிலையில் இருந்தது. வாய்ப்பை இழந்த முப்பது வயதினரும் வாய்ப்பை எதிர்நோக்கும் இருபது வயதினரும் கலந்து ஆடிய லீக் அது. பெலாரஸ் தேசிய அணியில் சலேயுடன் ஆடவிருந்த விளாதிமிர் சிப்லக்கோவும் அதே அணியின் வழியாகவே தேசிய லீக்கை அடைந்தார்.

இங்கே ஆட்டத்தின் அளவுகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஐரோப்பியப் பனித்தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. வட அமெரிக்கத் தளம் நீளத்தில் ஏறத்தாழ அதே அளவு. அகலமோ 26 மீட்டர்தான். நான்கு மீட்டர் குறைவு என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் சோவியத் பள்ளியின் ஆட்டம் முழுவதும் அகலத்தை நம்பியது. வட்டை விரைந்து கைமாற்றி, வெற்றிடம் உண்டாக்கி, எதிரியை அலையவிட்டுக் களைக்கச் செய்யும் கலை அது. குறுகிய தளத்தில் அந்த வெற்றிடம் கிடைப்பதில்லை. தடுப்பாட்டக்காரர் வட்டை எடுத்துத் திரும்புவதற்குள் எதிரியின் தோள் அவர்மேல் மோதிவிடும். முடிவெடுக்க அவகாசமில்லை, உடல் மோதலைத் தவிர்க்கவும் வழியில்லை.

ஐரோப்பாவிலிருந்து சென்ற பலர் இந்த நான்கு மீட்டரில் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள். சலேய் அதில் தன்னைக் கண்டுகொண்டார். அந்தப் பருவத்தில் தண்டர் அணிக்காக 76 ஆட்டங்கள். 7 கோல்கள், 23 கோல்களுக்குத் துணை. வலிமையான உடலும் மோதலுக்கு அஞ்சாத இயல்பும் சோவியத் பயிற்சி தந்த சறுக்குத்திறனும் அவரிடம் ஒன்றுசேர்ந்திருந்தன. அகன்ற தளத்தில் கற்றதைக் குறுகிய தளத்துக்கேற்ப மாற்றிக்கொண்ட வீரரைத் தேர்வாளர்கள் இப்போது ஒரு பருவம் முழுவதும் தங்கள் மண்ணிலேயே பார்த்துவிட்டார்கள். 1996 ஜூனின் ஒன்பதாவது பெயருக்கு இதுவே விளக்கம்.

அவரை அழைத்த அணி அனஹைம் மைட்டி டக்ஸ். டிஸ்னி நிறுவனம் தான் தயாரித்த ஒரு சிறுவர் திரைப்படத்தின் பெயரையே சூட்டி 1993-இல் தொடங்கிய அணி அது. சோவியத் மின்ஸ்க்கில் வளர்ந்த பிள்ளை, ஐந்தே ஆண்டுகளில், டிஸ்னியின் வாத்து முகமூடிச் சின்னத்தை மார்பில் அணிந்து நின்றான். எந்தப் புனைகதையாசிரியரும் எழுதத் தயங்கும் ஒப்புமை இது.

தேர்வானதும் எல்லாம் எளிதாகிவிடவில்லை. 1996-97 பருவத்தில் அனஹைமுக்காக 30 ஆட்டங்களில் ஆடிய அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இடையில் கீழ்நிலை அணியான பால்ட்டிமோருக்கும், மீண்டும் லாஸ் வேகாசுக்கும் அனுப்பப்பட்டார். ஒரே ஆண்டில் மூன்று நகரங்கள், மூன்று அணிகள். அடுத்த பருவத்தில் 66 ஆட்டங்கள், 5 கோல்கள், 10 துணைகள். அதன்பின் அவருடைய இடம் உறுதியாயிற்று. அவரது ஆட்டத்தின் இருண்ட பக்கத்தையும் மறைக்கவேண்டியதில்லை. 1999 அக்டோபரில் டல்லஸ் அணியின் மைக் மொடானோவைப் பின்னாலிருந்து தள்ளிக் காயப்படுத்தியதற்காக அவருக்குப் பத்து ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. குறுகிய தளத்தில் அவரை நிலைநிறுத்திய அதே முரட்டுத்தனம் எல்லை மீறிய தருணம் அது.

*

வீரர் நிலைபெற்ற அதே ஆண்டுகளில் அவருடைய நாட்டின் பெயரும் நிலைபெற்றது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் பெலாரஸ் முதன்முறையாகத் தன் பெயரில் ஐஸ் ஹாக்கி ஆடியது. சலேய் அந்த அணியில் இருந்தார். காலிறுதியில் எதிரே நின்றது ரஷ்யா, வென்றதும் ரஷ்யாவே.

நான்காண்டுகள் கழித்து, 2002 பிப்ரவரி 20-ஆம் நாள், சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் காலிறுதியில் பெலாரஸ் சுவீடனைச் சந்தித்தது. சுவீடன் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. கனடாவையே 5-2 என்று வென்றிருந்தது. பெலாரஸோ பிரதானச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, 22 கோல்களை வாங்கி 6 கோல்களை மட்டுமே அடித்திருந்தது. சுவீடன் அணியில் பெரும்பாலோர் தேசிய லீக்கின் நட்சத்திரங்கள். பெலாரஸ் அணியில் அப்போது அந்த லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவரே: சலேய். ஆட்டம் 3-3 என்று சமநிலையில் இருக்க, முடிவதற்கு 2 நிமிடம் 24 விநாடி எஞ்சியிருந்தபோது, விளாதிமிர் கோபாத் தளத்தின் நடுப்பகுதியிலிருந்து வட்டை ஓங்கி அடித்தார். அது சுவீடன் கோல்காப்பாளர் டோமி சாலோவின் தலைக்கவசத்தில் பட்டு எகிறி, அவர் முதுகுப்புறமாக விழுந்து, கோட்டைக் கடந்தது. 4-3. ஒலிம்பிக் ஹாக்கியின் பெரும் அதிர்ச்சிகளில் ஒன்றாக அந்த முடிவு இன்றும் பேசப்படுகிறது. அரையிறுதியில் கனடாவிடமும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ரஷ்யாவிடமும் பெரிய இடைவெளியில் தோற்று, பெலாரஸ் நான்காமிடம் பெற்றது. பதக்கம் இல்லை. ஆயினும் பத்தாண்டுகளுக்கு முன்பு ‘சி’ பிரிவின் வாசலில் நின்ற நாடு அது.

2003 மே 31-ஆம் நாள், ஸ்டான்லி கோப்பை இறுதித்தொடரின் மூன்றாம் ஆட்டம். நியூ ஜெர்சி அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் ஏழாம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர், கோலடிப்பதற்காக அறியப்படாத சலேய். தொடரை அனஹைம் ஏழாவது ஆட்டத்தில் இழந்தது என்றாலும், மூன்று தேர்வுகளில் எவரும் அழைக்காத அந்தப் பெயர் அன்று அரங்கம் முழுவதும் ஒலித்தது.

*

தேசிய லீக்கில் நான்கு அணிகளுக்காக 917 ஆட்டங்கள் ஆடிய பின்னர், 2011 கோடையில் சலேய் ரஷ்யாவின் லோகோமோட்டிவ் யாரோஸ்லாவ்ல் அணியில் சேர்ந்தார். டெட்ராய்ட்டில் அவருக்குத் துணைப்பயிற்சியாளராக இருந்த பிராட் மெக்ரிம்மன் அப்போது அவ்வணியின் தலைமைப் பயிற்சியாளர். பருவத்தின் முதல் ஆட்டம் மின்ஸ்க்கில், மின்ஸ்க் தினமோவுக்கு எதிராக, செப்டம்பர் 8-ஆம் நாள் நடப்பதாக இருந்தது. தான் வளர்ந்த நகரத்தில், தன்னை முதன்முதலில் களத்தில் இறக்கிய அணிக்கு எதிராக ஆட அவர் புறப்பட்டார்.

செப்டம்பர் 7 பிற்பகலில் அணியைச் சுமந்துகொண்டு கிளம்பிய யாக்-42 விமானம் ஓடுபாதையின் முடிவில் சரிவர மேலெழாமல் விழுந்து நொறுங்கியது. இருந்தவர்கள் 45 பேர். பிழைத்தவர் விமானப் பணியாளர் ஒருவர் மட்டும். புறப்படும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே விமானிகளில் ஒருவரின் கால் தடையை அழுத்திக்கொண்டிருந்தது என்றும், அவர்களுடைய பயிற்சி முறையாக நிறைவேறவில்லை என்றும் விசாரணை கண்டது. சலேய்க்கு வயது முப்பத்தாறு. மின்ஸ்க் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

இந்த முடிவை விதி என்று சொல்லிக் கண்ணீர்க் காவியமாக்குவது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. தவறான பயிற்சியும் அலட்சியமும் கொன்றதை விதியின் கணக்கில் எழுதுவது, இறந்த 44 பேருக்கும் நாம் செய்யும் அநீதி. அவர் விட்டுச்சென்ற தொடக்கத்தைப் பார்ப்பதே பொருத்தமானது.

2003-இல் அந்திரேய் கஸ்தித்சின் பத்தாவது இடத்தில் தேர்வானார். ஒன்பதைத் தாண்ட இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 2024 ஜூன் 28-ஆம் நாள், பெலாரஸின் ஜ்லோபின் ஊரைச் சேர்ந்த பதினெட்டு வயது ஆர்த்யோம் லெவ்சுனோவை சிகாகோ அணி இரண்டாவது இடத்தில் அழைத்தது. அவரும் தடுப்பாட்டக்காரர். அந்தத் தேர்வு நடைபெற்ற நகரம் லாஸ் வேகாஸ். ஒருகாலத்தில் பாலைவனத்து வேடிக்கையாக இருந்த ஹாக்கிக்கு அங்கே இப்போது சொந்தமாக ஒரு தேசிய லீக் அணியே இருக்கிறது.

இரு தொடக்கங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சலேய் புறப்பட்டபோது நாட்டுக்குப் பெயரில்லை. அவரும் அவர் தோழர்களும் ஆடி ஆடி அந்தப் பெயரை உண்டாக்கினார்கள். லெவ்சுனோவ் அழைக்கப்பட்ட நாளில், உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து 2022-இல் விதிக்கப்பட்ட தடையால், பெலாரஸ் என்னும் பெயர் பன்னாட்டுப் பனித்தளங்களில் ஒலிக்கவே இல்லை. வீரர் முதல் வரிசையில் நின்றார். அவருடைய தேசிய அணி வாசலுக்கு வெளியே நின்றது. ஆட்சியாளர்களின் முடிவுகள் பதினேழு வயதுப் பிள்ளைகளின் ஏணிகளை எப்படியெல்லாம் நகர்த்துகின்றன என்பதற்கு 1991 ஓர் எடுத்துக்காட்டு; 2022 இன்னொன்று.

பெலாரஸின் உள்நாட்டுக் கோப்பைப் போட்டி சலேயின் பெயரைத் தாங்குகிறது. அதில் ஆடும் இளைஞர்களில் பலர் அவர் ஆடிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. முயல் படம் போட்ட நோட்டுகளையும் அவர்கள் அறியமாட்டார்கள். அந்தப் பெயரின் பின்னால், மூன்று முறை அழைக்கப்படாமல், நான்காம் முறைக்காகப் பாலைவனம் வரை சென்று ஆடிய ஓர் இளைஞன் இருக்கிறான் என்பதை யாரேனும் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.